காத்தா, கையா?

"எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறாள்!" என்று யாரையாவது யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூட விழாவில் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருப்பாள். விரல் வழுக்கும். வழுக்கியதைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு மேலே போவாள். பக்கத்து நாற்காலிக்காரர் என் காதருகே வந்து, "தப்பு வந்ததே தெரியல, பாத்தீங்களா?" என்பார். நான் அந்தப் பெண்ணைப் பார்க்க மாட்டேன். அவளுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். அந்தத் தப்பு எங்கேயாவது போய் விழுந்திருக்க வேண்டும் அல்லவா?

நானும் சமாளித்தவள்தான். ராயபுரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையில் மூன்று வருஷம் ஆர்கன் வாசித்தேன். சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்கள் தங்கள் கோயிலில் இருந்த ஆர்கனை எங்கள் சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆளுயரப் பெட்டி. கட்டைவண்டியில் வந்து இறங்கியபோது அதன் வயிற்றில் எலி குட்டி போட்டிருந்தது. எலி மூத்திரமும் பழைய தோலும் உப்புக்காற்றும் சேர்ந்த ஒரு வீச்சம் அதில் கடைசிவரை போகவே இல்லை. எங்கள் ஆட்கள் அதை மோட்சத்திலிருந்து இறக்கிய சாமான்போலத் தடவித் தடவிப் பார்த்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அதன் முன்னால் உட்காருவேன்.

வீட்டில் இருக்கும் கால்மிதி ஆர்மோனியம் மாதிரி இல்லை அது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று, அடிபம்பு அடிக்கிற மாதிரி ஒரு மரக் கைப்பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் துருத்தியில் காற்று நிறையும். அந்த ஆள் சபையாரின் கண்ணில் படக்கூடாது என்று பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீலத் திரை போட்டிருந்தார்கள். உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்வதற்கு, பெட்டியின் பக்கவாட்டில் நூலில் கட்டிய ஒரு சின்ன ஈயக் குண்டு தொங்கும். சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டிருக்கும். குண்டு அந்தக் கோடுகளுக்கு நடுவில் நின்றால் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கோட்டைத் தாண்டினால் சத்தம் தொய்யும்.

அந்தக் கைப்பிடியைப் பிடித்தவரைச் சபை முழுவதும் காத்துக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் திரைக்குப் பின்னால் நான்கு முழ தூரத்தில் நின்று எனக்காக மூச்சுவிட்ட மனிதரின் பெயரை நான் கேட்கவில்லை. சீ என்று இருக்கிறது இப்போது எழுதும்போது.

அவர் எங்களைப்போல வேதக்காரர் இல்லை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கரையில் கட்டுமரத்தை இழுக்கும்போது மரம் புரண்டு முழங்காலில் ஏறி, கால் மடங்காமலே போய்விட்டது. மடங்காத காலை வைத்துக்கொண்டு கடலில் என்ன செய்வது? அப்போது இருந்த போதகர் ஐயர் இரக்கப்பட்டு இந்த வேலையைக் கொடுத்தார். வேலையோடு கோயில் வளாகத்தில் விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறையும் கிடைத்தது. அவரும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். அந்த அம்மாள் காலையில் மீன் விற்றுவிட்டு வருவாள். கூடையை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று சபைக் கமிட்டி சட்டம் போட்டிருந்தது. வாசலிலேயே கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பு இல்லாமல் கை நனைக்காத கமிட்டி அது! கைப்பிடியை விட்டால் அறை இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எனக்கு அப்போது இருபது வயது. தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மொத்த வியாபாரம் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் ஆட்களில் ஆர்கன் வாசிக்கிற பெண் நான் ஒருத்திதான் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையில் நான் சுமாராகத்தான் வாசித்தேன். ஞாயிறுதோறும் பாடுகிற பாட்டுகளில் எனக்கு நாலு இடம் வராது. எத்தனை தடவை வாசித்தாலும் அந்த நாலு இடத்தில் இடது கை பக்கத்துக் கட்டைக்குத் தாவிவிடும். உட்கார்ந்து பழகியிருக்கலாம். பழகவில்லை. ஏன் பழகவில்லை என்றால், பழகவேண்டிய தேவை வரவில்லை.

அதில்தான் ஒரு விநோதம். நான் வழுக்குகிற இடத்தில் காற்றும் குறையும். சத்தம் மொத்தமாக அமுங்கி, என் தப்புக் கட்டை யார் காதிலும் சரியாக விழாது. அடுத்த வரியில் சத்தம் மறுபடி நிமிர்ந்துவிடும். நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். துருத்தி பழசு, அப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். நாலு இடத்திலும் ஞாயிறு தவறாமல் நல்ல காலம் வருமா என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, சத்தம் அமுங்கியதும் நான் திரையின் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. ஆராதனை முடிந்ததும் பெண்கள் வந்து, "பாவம் ஏட்டி நீ! காத்து இல்லாம எப்படிச் சமாளிச்ச!" என்று கன்னத்தை வழித்தார்கள். எனக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பார்வையை நான் கண்ணாடி முன்னால் பழகினேன். ஆர்கனைப் பழகாதவள் பார்வையைப் பழகினேன்! புருவத்தைக் கொஞ்சம் ஏற்றி, உதட்டில் அரைச் சிரிப்பு வைத்து, தலையை மெதுவாகத் திரைப் பக்கம் திருப்புவது. கோபம் இருக்கக் கூடாது. பொறுத்துக்கொள்கிறேன் என்கிற பாவனை இருக்க வேண்டும். எங்கள் சபையில் பொறுமைசாலிப் பெண்களுக்கு எப்போதும் நல்ல கிராக்கி.

காத்துக்காரருக்கு வாரம் தவறாமல் யாரிடமிருந்தாவது ஒரு அதட்டல் விழும். "கை சோந்து போகுதோ? வேற ஆள் பாக்கணுமோ?" என்பார்கள். அவர் தலையை ஆட்டிச் சிரிப்பார். என்னைப் பார்த்தாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. கிண்டல் பண்ணுகிறாரோ என்றுகூட நினைத்து, முகத்தை வெட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

மூன்றாம் வருஷம் எங்கள் சபைப் பெரியவர் வீட்டில் கல்யாணம் வந்தது. அவர்தான் கமிட்டிக்குத் தலைவர். கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். எனக்கு உறவுமுறையில் மாமா. அவர் மகளுக்குக் கல்யாணம். அவள் கான்வென்டில் படித்தவள். வழக்கமான பாட்டு வேண்டாம், இங்கிலீஷ் மெட்டில் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்து, சுரத்தாளை என்னிடம் கொடுத்தனுப்பினாள். சனிக்கிழமை கோயிலுக்கு வந்து காத்துக்காரரோடு ஒத்திகை பார்ப்பதாகப் பேச்சு. நான் போகவில்லை. தையல்காரர் ரவிக்கையைப் பிடிப்பாகத் தைத்துவிட்டார், அதைப் பிரித்துத் தைத்து வாங்குவதில் அன்றைய பொழுது போய்விட்டது. வீட்டு ஆர்மோனியத்தில் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, போதும் என்று மூடிவைத்துவிட்டேன். என் வாசிப்பைக் கேட்கவென்றே தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு வருவதாக அம்மா சொல்லியிருந்தாள். பெண் பார்க்கிற விவகாரம். ரவிக்கை முக்கியமாகத்தானே படும்!

கல்யாணத்தன்று கோயில் நிறைந்து வழிந்தது. மல்லிகைப்பூவும் சந்தனமும் ஆட்களின் வியர்வையும், அடியில் அந்த எலி வீச்சமும். முதல் இரண்டு வரி ஒழுங்காகப் போனது. மூன்றாவது வரியில் இடது கை தாவியது. அன்றைக்குக் காற்று குறையவில்லை. பெட்டி முழு மூச்சோடு நின்றது. தப்பு, கப்பல் சங்கு மாதிரி கோயில் முழுவதும் ஊதியது. நான் பதறிப்போய் அதைத் திருத்தப் பார்த்தேன், வலது கையும் சேர்ந்து இடம் தவறிவிட்டது. இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். பாடகர் குழு இரண்டு வார்த்தை தனியாகப் பாடி, அதுவும் நின்றது.

சத்தமே இல்லை. அந்த அமைதியில் நான் என்ன செய்தேன்? புருவத்தை ஏற்றினேன். அரைச் சிரிப்பு வைத்தேன். மெதுவாகத் தலையைத் திரைப் பக்கம் திருப்பினேன்.

இருநூறு தலை என் தலையோடு சேர்ந்து திரும்பியது. கல்யாணப் பெண்ணின் அத்தை, "பாட்டு பாதியில நின்னு போச்சே, ஆண்டவரே!" என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறுதோறும் கேட்கிற ஜனம்! அத்தனை முகத்திலும் சகுனம்தான் எழுதியிருந்தது. பெரியவர் எழுந்து வந்து திரையை ஒரு இழுப்பு இழுத்தார்.

காத்துக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். ஈயக் குண்டு இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் தொங்கியது. நான் பார்த்தேன். மூன்று எட்டு வைத்து வந்திருந்தால் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். ஒருத்தர் வரவில்லை.

"என்னலே, காத்து நின்னு போச்சா?" என்றார் பெரியவர்.

காத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் கட்டைகளைப் பார்த்தேன். ஒரு கட்டையின் ஓரத்தில் மஞ்சளாக அழுக்கு படிந்திருந்தது. அதையே உற்றுப் பார்த்தேன்.

"ஆமா நைனா," என்றார் அவர். "கை அசந்து பூட்ச்சு. என் தப்புதான்."

எல்லாரும் மூச்சுவிட்டார்கள். நானும் விட்டேன். போதகர் ஐயர் கண்ணைக் காட்ட, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை அந்த மூன்றாவது வரியில் நான் மறுபடியும் வழுக்கினேன். ஆனால் காற்று குறைந்தது. சத்தம் மெத்தென்று அமுங்கி, தப்பை விழுங்கிக்கொண்டு, அடுத்த வரியில் நிமிர்ந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? உறைக்கவில்லை. விருந்தில் பிரியாணி சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் காத்துக்காரர் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். மடங்காத காலை நீட்டியபடி படியில் சாய்ந்து நின்றார். அவர் மனைவி கூடையோடு தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

"பாப்பா, ஒரே பேஜாரா கீது," என்றார். "வூட்டக் காலி பண்ணுன்னு சொல்லிட்டாரு பெரியவரு. பொதங்கெழமை கமிட்டியாம். ஒன்ன வேற இட்டாந்து கேப்பாங்களாம். ஒரு வார்த்தை சொல்லிடு பாப்பா. காத்து நிக்கலன்னு, அவ்ளோதான்."

"நீங்கதானே நின்னு போச்சுன்னு சொன்னீங்க?" என்றேன். எவ்வளவு சாமர்த்தியமான கேள்வி!

"அவ்ளோ ஜனத்துக்கு முன்னால ஒன்னய உட்டுக்குடுக்கவா சொல்றே?" என்று சிரித்தார். "எனிக்கித் தெர்யும் பாப்பா. நாலு எடம். நாலு எடத்துல நீ வழுக்குவே. அந்த எடம் வர்றதுக்கு மின்ன நா கையைத் தளத்திக்குவேன். சத்தம் அமுங்கிக்கும், ஒன் தப்பு அதுல பூடும். அன்னிக்கிப் புதுப் பாட்டா பூச்சா, எந்த எட்த்துல வழுக்குவேன்னு தெர்ல. ஒத்திகைக்கு வந்திருந்தியானா புட்ச்சிருப்பேன். ரெண்டாந்தபா பாத்தியா, கரீட்டாப் புட்ச்சேன்ல?"

அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"ஐயரு திட்டுவாரு, பெரியவரு திட்டுவாரு, திட்டிக்கினு போவட்டும்னு உட்டுருவேன். நீ ஒரு தபா திரும்பிப் பாப்பியே, அது போதும் எனிக்கு. எம் பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லிக்கினு இருப்பேன். பாப்பா கண்டுக்கினு தேங்ஸ் சொல்லுது, நல்ல மன்சு அதுக்குன்னு."

தேங்ஸ்! கண்ணாடி முன்னால் நின்று நான் பழகிய பார்வைக்கு அந்த மனிதர் மூன்று வருஷம் அப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறார். சொல்கிறேன் என்று சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் அவர் மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.

அம்மா அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? தூத்துக்குடிக்காரங்க இன்னும் ஊருக்குப் போகல. நீயா போயி தப்பு எம்மேலன்னு வாயைக் குடுக்காத. அவன் ஆம்பள, எங்கயாவது பொழச்சுக்கிடுவான்," என்றாள். நான் அம்மாவோடு சண்டை போட்டேன். பாத்திரத்தை உருட்டினேன். நியாயம் பேசினேன். இரண்டு நாள் அந்த வீட்டில் என்னைப்போல நியாயஸ்தி கிடையாது.

புதன்கிழமை கமிட்டி கூடியது. கோயிலின் பக்கவாட்டு அறையில் ஐந்து பேர், டீயும் வெண்ணெய் பிஸ்கட்டும். எனக்கும் ஒரு கோப்பை தந்து மரியாதையாக உட்காரவைத்தார்கள். பெரியவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார்: "ஒண்ணுமில்ல, ஒரு வார்த்தை சொன்னாப் போதும். காத்தா, கையா?"

ஜன்னல் வழியாக விறகுக் கொட்டகை தெரிந்தது. அதற்குப் பக்கத்து அறை வாசலில் காத்துக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் அங்கே பார்ப்பது தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காத்து," என்றேன்.

அவ்வளவுதான். பயமுறுத்தவில்லை, மிரட்டவில்லை, யாரும் என் வாயைப் பொத்தவில்லை. இரண்டு சொல்லில் எது சுலபமோ அது வந்தது. பெரியவர் ஊறிய பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். அதன் ஒரு துண்டு மீசையில் ஒட்டியிருந்தது. இன்றைக்கும் வெண்ணெய் பிஸ்கட் வாசனை பட்டால் எனக்கு அந்த மீசைதான் நினைவுக்கு வருகிறது.

வெள்ளிக்கிழமை அவர்கள் காலி செய்தார்கள். ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், இரண்டு சட்டி, கூடை. கத்திவாக்கத்தில் அந்த அம்மாளின் அண்ணன் குடிசை இருந்தது. கழிமுகத்தில் இறால் பிடிக்கிற ஆட்கள். அங்கே திண்ணென்று ஒரு இடம்கூட இல்லை, மழை வந்தால் எல்லாரும் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும் என்று கோயில் வாட்ச்மேன் சொன்னார். நான் கோயில் படியில் நின்றேன். காத்துக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை. அந்த அம்மாள் என்னைத் தாண்டும்போது காறித் துப்பினாள். வெற்றிலை எச்சிலாக இருக்கலாம், வேறெதற்கோ துப்பியிருக்கலாம். நான் அதை எனக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் புது ஆளைப் போட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஞாயிறு மட்டும் வந்து இழுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. முரட்டு ஆள், கை சலிக்காது. முதல் பாட்டிலேயே பெட்டி என்றைக்கும் இல்லாத கம்பீரத்தோடு முழங்கியது. சபையார் பெருமையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என் நாலு இடமும் வந்தன. முதல் இடத்தில் தப்பு பச்சையாகக் கேட்டது. இரண்டாம் இடத்தில் அதைவிடப் பலமாகக் கேட்டது. மூன்றாம் இடத்தில் பாடகர் குழுவே ஒரு நொடி தடுமாறியது. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் இதைத்தான் ஒருத்தர் தன் கையால் பொத்திக்கொண்டிருந்தார் என்பதை நான் என் காதாலேயே கேட்டேன். அசிங்கமாக இருந்தது அந்தச் சத்தம். நாலாவது இடமும் வந்து, கை தாவி, தப்பு முழங்கி, அப்போது என் தலை தானாகத் திரையின் பக்கம் திரும்பியது. புருவம் ஏறியது. அரைச் சிரிப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கூப்பிடவில்லை, பழகிய நாய் மாதிரி அதுவாக வந்தது.

புது ஆளுக்கு எங்கள் கோயில் வழக்கம் தெரியாது. திரையை விலக்கித் தலையை நீட்டினான்.

"இன்னாம்மா, இங்க மொறைக்கிறே?" என்றான், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி. "காத்து ஃபுல்லாத்தான் கீது. குண்டு கோட்டுக்கு நடுவுலயே நிக்குது, வந்து பாரு!"

சின்னப் பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் இருமினார்கள். நான் பாட்டை எப்படி முடித்தேனோ தெரியாது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெரியவர் பொரிந்து தள்ளினார். "இவனும் சரியில்ல. வாயும் நீளம். இவனையும் அனுப்பிட்டு வேற ஆள் பாப்போம்," என்றார். அந்த ஆள் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றான். போதகர் ஐயர் நின்றார், பாதிச் சபை நின்றது. அப்போதுதான் என் வாய் திறந்தது. மூன்று வருஷமும் ஒரு புதன்கிழமையும் கழித்து.

"காத்து இல்ல மாமா. என் கை," என்றேன். "இன்னைக்கு மட்டும் இல்ல. எப்பவும் என் கைதான். கல்யாணத்தன்னைக்கும் என் கைதான். பழைய ஆள் மேல ஒரு தப்பும் கிடையாது. கமிட்டியில நான் பொய் சொன்னேன். அவரைத் திரும்பக் கூப்பிடுங்க."

பெரியவர் முகம் மலர்ந்தது. மலர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"பாத்தீரா ஐயரே!" என்றார். "கூலிக்காரன் வேலை போயிரக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில ஏத்திக்கிடுதா. இந்தத் தாழ்மை யாருக்கு வரும்? வளர்ப்புன்னா இது வளர்ப்பு!"

"இல்ல மாமா, நெசமாத்தான் சொல்லுதேன்," என்றேன்.

"இன்னும் ஒத்துக்கிட மாட்டேங்கா பாருங்க!" என்று ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். நான் மறுக்க மறுக்கப் பாராட்டு ஏறிக்கொண்டே போனது. கன்னத்தை வழித்தார்கள். ஐயர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவருக்குக் காது உண்டு. கட்டைக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்தான். என் கண்ணைப் பார்க்காமல் ஆசீர்வதித்தார்.

"அவரைக் கூப்பிடுங்க மாமா. அந்த அறையாவது குடுங்க," என்றேன் கடைசியாக.

"அறையா? அதுல மண்டிக் கருப்பட்டி அடுக்கியாச்சே," என்றார் பெரியவர். "கடக்கரை ஈரத்துக்கு அந்த அறைதான் தோது. ரொம்ப நாளாவே கண் வச்சிருந்தேன்."

அன்றைக்குப் புது ஆள் தப்பித்தான். என் தாழ்மைக்கு மரியாதை கொடுத்து அவனை வைத்துக்கொண்டார்கள். தூத்துக்குடிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் யாருக்கோ காது இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். என் தாழ்மை எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கு இறால் குழம்பு. யாரிடம் வாங்கினாய் என்று கேட்டேன். கத்திவாக்கத்திலிருந்து புதிதாக ஒருத்தி கொண்டுவருகிறாள், மலிவாகத் தருகிறாள், ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாள் என்றாள் அம்மா. எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் குழம்பு நன்றாக இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.